விசா என்னும் உடைமைச்சொல்: வளைகுடாப் புனைவுகள் இரண்டும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும்

பணி விசாவின் பேரில் அயல்நாட்டில் தங்கியிருப்போரின் வாழ்க்கை, இந்திய மொழி இலக்கியங்களுள் மலையாளத்தில் விரிவாகப் பதிவு பெற்றுள்ளது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வை அடுத்து வளைகுடா நாடுகளில் தொடங்கிய கட்டுமானப் பெருக்கம் கேரளத்தின் சிற்றூர்கள்வரை எட்டியமை இதற்குக் காரணமாகும். கேரளத்தார் படைத்த இவ்வகை எழுத்துகளுள் பென்யாமின் மலையாளத்தில் எழுதிய 'ஆடுஜீவிதம்' (2008), அபுதாபியில் வளர்ந்த தீபக் உண்ணிகிருஷ்ணன் ஆங்கிலத்தில் எழுதிய 'டெம்பரரி பீப்பிள்' (2017) ஆகிய இரண்டும் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே பயன்படத்தக்கவை. முன்னது கேரள சாகித்திய அகாதெமியின் விருதைப் பெற்றது; ஜோசப் கோயிப்பள்ளி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2012இல் வெளிவந்தது; 2024இல் திரைப்படமாகவும் வந்தது. பின்னது, குடியேறியோர் எழுத்துக்கென அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று நிறுவிய பரிசை முதன்முதலாகப் பெற்ற நூல்.

இவ்விரு நூல்களைப் பேசுவோர் பலரும் துயரத்தின் அளவையே பேசுகின்றனர். பாலைவனத்தில் ஒருவன் பட்ட பாடு, கட்டடத்திலிருந்து விழுந்த தொழிலாளியின் உடல் ஆகியனவே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் அயல்நாட்டுத் தொழிலாளி நாள்தோறும் சந்திக்கும் இழிவு பெரும்பாலும் அத்தகைய பெருந்துயரமாக வருவதில்லை. கடைக்காரன் விளிக்கும் ஒரு சொல்லாகவும், அலுவலகத்தில் ஒரு முத்திரையாகவும், பெயரைக் கேட்காமலே முடிந்துவிடும் ஓர் உரையாடலாகவும் அது வருகிறது. அச்சொற்களை இந்நூல்கள் எவ்வாறு கையாளுகின்றன, அவற்றைத் தமிழில் தருவோர் எங்கெங்கே இடறக்கூடும் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

அர்பாப், கஃபீல், புரவலர்

'ஆடுஜீவித'த்தின் நாயகனான நஜீப், கேரளத்து ஆற்றில் மணல் வாரிப் பிழைத்தவன். விசா ஒன்றை விலைக்கு வாங்கி ரியாத் விமான நிலையத்தில் இறங்குகிறான். அழைத்துச் செல்ல ஒருவரும் வராமல் காத்திருக்கும் அவனையும் உடன்வந்த ஹக்கீமையும், கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு முதியவர் தம் வண்டியில் ஏற்றிச் செல்கிறார். அவரே தன் அர்பாப் என்று நஜீப் நம்புகிறான். 'மசரா' எனப்படும் ஆட்டுப்பட்டியில் ஆடுகளோடு ஆடாக ஆண்டுகள் கழிகின்றன.

'அர்பாப்' என்னும் சொல்லின் வரலாறு கருதத்தக்கது. அரபியில் இது 'ரப்' என்பதன் பன்மை. 'ரப்' இறைவனைக் குறிக்கும். பாரசீகத்தில் இப்பன்மை வடிவம் ஒருமையாகி நிலக்கிழாரையும் எசமானரையும் குறிக்கலாயிற்று. உருதுவிலும் அவ்வாறே. தெற்காசியத் தொழிலாளர் முதலாளியைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல் இதுவே. அரபு நாட்டில் அரபு முதலாளியை அழைக்க, அரபியில் பிறந்து பாரசீகத்தில் பொருள்மாறிய ஒரு சொல்லை இந்தியத் தொழிலாளி கையாளுகிறான் என்பது கடன்சொல் வரலாற்றில் ஆர்வமூட்டும் செய்தி.

சட்டம் பயன்படுத்தும் சொல் வேறு. அது 'கஃபீல்'. பிணை நிற்பவர் என்பது அதன் பொருள். அயல்நாட்டார் ஒருவர் நாட்டுக்குள் நுழைவதற்கும், பணிபுரிவதற்கும், பணி மாறுவதற்கும், சில நாடுகளில் வெளியேறுவதற்கும் கஃபீலின் ஒப்புதல் வேண்டும் என்பதே 'கஃபாலா' எனப்படும் முறை. கத்தார் 2018இல் தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு வெளியேறும் அனுமதி தேவையில்லை என்றும், 2020இல் பணி மாற முதலாளியின் தடையின்மைச் சான்று தேவையில்லை என்றும் அறிவித்தது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் சில தளர்வுகளை நடைமுறைப்படுத்தியது. வீட்டுப் பணியாளர் அதில் சேர்க்கப்படவில்லை. நஜீபின் கதை நிகழும் காலம் இவற்றுக்கெல்லாம் முற்பட்டது.

கஃபீல் என்பதைத் தமிழில் எவ்வாறு தருவது? அகராதி வழியே செல்வோர் 'புரவலர்' என்று எழுதக்கூடும். ஆதரவு தருபவர் என்ற பொருளில் அது ஆட்சித்தமிழிலும் வழங்குகிறது. இதைவிடப் பொருந்தாத சொல் இருக்க முடியாது. புரவலர் என்றவுடன் இரவலர் நினைவுக்கு வருவார். பாணரும் பொருநரும் பெற்ற பரிசில் நினைவுக்கு வரும். வேலை வாங்குபவர் கொடுப்பவராகவும், உழைப்பவர் பெறுபவராகவும் தலைகீழாகிவிடுவர். கஃபாலா முறையை ஞாயப்படுத்துவோர் சொல்லும் கருத்தும் ஏறக்குறைய இதுவே என்பதை எண்ணினால், பழந்தமிழ்ச் செழுமை நிறைந்த ஒரு சொல் மொழிபெயர்ப்பாளர் அறியாமலே ஒரு கட்சிக்காக வாதாடுவதைக் காணலாம். 'பிணையாளர்' என்பது சட்டப்பொருளுக்கு நெருக்கமானது. ஆயினும் அதில் நீதிமன்ற வாடை மிகுதி. தொழிலாளர் பேச்சில் உள்ளபடி 'கபீல்' அல்லது 'அர்பாப்' என்றே விடுவதும், முதலிடத்தில் சூழலால் பொருளை விளங்கவைப்பதும் தக்கது. கலைச்சொல்லாக்கத்தில் தமிழ்மை பேணுவது வேண்டியதே. எனினும் இங்குப் பேணப்பட வேண்டியது அச்சொல்லின் அயன்மை. நஜீபுக்கே அது புரியாத சொல்லாக இருந்தது. தமிழ் வாசகருக்கும் சிறிது நேரம் அவ்வாறு இருப்பதில் இழப்பில்லை.

விசா யாருடையது?

நாவலின் மிக முக்கியமான இடம் பாலைவனத்தில் இல்லை, சிறையில் உள்ளது. தப்பி ஓடி, ஹக்கீமைப் பாலைவனத்தில் பறிகொடுத்து, ரியாத் வந்து சேர்ந்த நஜீப், நாடு திரும்பும் வழியாகச் சிறைக்குச் செல்கிறான். ஓடிவந்த தொழிலாளரை அடையாளங்காண முதலாளிகள் அங்கே வருவர். கண்டுபிடித்தவரை அழைத்துப் போவர். நஜீபின் அர்பாபும் வருகிறார். அவனைக் கடந்து போய்விடுகிறார். நஜீப் தன் விசாவில் வந்தவன் அல்லன் என்றும், அவ்வாறு வந்தவனாக இருந்திருந்தால் இழுத்துச் சென்றிருப்பதாகவும் அவர் சொன்னது பின்னர்த் தெரியவருகிறது.

இந்த ஒரு செய்தி நாவல் முழுவதையும் திரும்பிப் படிக்கச் செய்கிறது. இதுவரை கண்டது சட்டத்துக்குப் புறம்பான ஓர் ஆள்கடத்தல். ஆகவே 'இது ஒரு கொடியவனின் கதை, முறையின் கதை அன்று' என்று வாசகர் ஆறுதல் கொள்ள இடமுண்டு. நாவலைப் பற்றி இக்குறை சொல்லவும் படுகிறது. ஆனால் அர்பாபின் கூற்று அவ்வாறுதலைப் பறித்துவிடுகிறது. நஜீப் உயிர்பிழைத்தமைக்குக் காரணம் அவன் சட்டப்படி யாருக்கும் உரியவன் அல்லன் என்பதே. முறையான விசாவில் முறையான முதலாளியிடம் அவன் அதே கொடுமைக்கு ஆளாகியிருந்தால், சட்டமே அவனை மசராவுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும். நாவலின் மற்றைய பகுதிகளில் உணர்ச்சியின் பெருக்கு சில இடங்களில் மிகையாகத் தோன்றினும், இவ்விடத்தில் பென்யாமின் ஒரு சொல்லைக்கூட அழுத்திச் சொல்லாமல் விட்டிருப்பது அவர்தம் திறனுக்குச் சான்று.

இங்கு 'விசா' என்பது என்ன பொருளில் வருகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் நின்று நோக்க வேண்டும். தமிழில் 'நுழைவிசைவு' என்ற ஆக்கம் உண்டு. அரசு ஒன்று ஒருவர்க்கு வழங்கும் இசைவு என்ற பொருளில் அது குறையற்றது. ஆனால் அர்பாபின் வாயில் விசா இசைவு அன்று, உடைமை. அதில் உடையவர் முதலாளி; உடைமை தொழிலாளி. வளைகுடாவுக்குச் செல்லும் தமிழர் பேச்சிலும் இச்சொல் இவ்வாறே இயங்குகிறது. 'விசா எடுத்துக் கொடுத்தார்', 'அவர் விசாவில் இருக்கிறான்', 'விசாவை விற்றுவிட்டார்' ஆகிய தொடர்களில் விசா எண்ணத்தக்க, விற்கத்தக்க, ஒருவர்க்கு உரித்தான பொருள். 'ஃப்ரீ விசா' என்று சந்தையில் விற்கப்படுவது, பெயரளவில் ஒரு கஃபீலைக் காட்டி வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ளும் ஏற்பாடு. அதற்கும் விலை உண்டு, ஆகவே அதில் 'ஃப்ரீ' என்பது இலவசத்தைக் குறிப்பதில்லை. 'என் நுழைவிசைவில் வந்தவன் அல்லன்' என்று மொழிபெயர்த்தால், தமிழ் தூயதாகும். அர்பாபின் உரிமைக்குரல் கேட்காது.

வந்தாரா, வந்தானா?

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது எளிது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. சொற்றொகுதியின் ஒற்றுமையே இதற்குக் காரணம். ஆனால் மலையாள வினைமுற்று திணை, பால், எண், இட விகுதிகளை இழந்துவிட்டது. 'வந்நு' என்பது வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தேன் என அனைத்துக்கும் ஒன்றே. இதன் விளைவு வெறும் இலக்கணச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. 'அர்பாப் வந்நு' என்று மலையாளத்தில் எழுதும்போது, கதை சொல்லும் நஜீப் தன் எசமானரை மதிக்கிறானா, வெறுக்கிறானா என்பதை வினைமுற்று காட்டவேண்டியதில்லை. 'அயாள்', 'அவன்', 'அத்தேகம்' போன்ற பதிலிகளைப் பயன்படுத்தும்போது மட்டுமே ஆசிரியர் மதிப்பைத் தெரிவு செய்ய நேர்கிறது. பெயரையே திரும்பச் சொல்லி அத்தெரிவைத் தவிர்த்துக்கொள்ளவும் இயலும். தமிழில் இவ்விலக்கு இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் 'வந்தார்' அல்லது 'வந்தான்' என்று தீர்ப்புக் கூறியாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலிலிருந்தே 'ஆன்' விகுதி இடுவது ஒன்று. இது கதைமுடிவைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடும். விமான நிலையத்தில் தன்னை மீட்க வந்தவராக அந்த மனிதரைக் கண்ட நஜீபின் நன்றியுணர்வு பொய்யாகிவிடும். 'ஆர்' என்று தொடங்கி, கொடுமை மிகும் இடத்தில் 'ஆன்' என்று மாற்றுவது மற்றொன்று. நாடகத் தன்மை மிக்க இவ்வழி தமிழ் வாசகர் பலருக்கும் பிடிக்கும். ஆனால் அம்மாற்றம் நஜீபின் உள்ளத்தில் நிகழ்ந்த ஒரு கலகத்தைக் குறிக்கும். அத்தகைய கலகம் மூலத்தில் எந்தப் பக்கத்தில் நிகழ்கிறது என்று மொழிபெயர்ப்பாளரால் காட்ட முடியாது. கடைசிவரை அவன் 'அர்பாப்' என்றே சொல்கிறான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தப்பிவந்த நஜீபைத் தம் உயர்ந்த காரில் ஏற்றி ரியாத்தில் விட்டுச் செல்லும் ஓர் அரபியர் கதையில் வருகிறார். அவரைத் தமிழில் 'ஆர்' விகுதியால்தான் குறிக்க இயலும். அர்பாபுக்கு 'ஆன்', இவருக்கு 'ஆர்' என்றால், தமிழ் வினைமுற்று நல்லவர் தீயவர் பட்டியலாகிவிடும். அரபியர் இருவரும் ஒரே முறையின் இரு முகங்கள் என்னும் வாய்ப்பு அத்துடன் அடைபடும்.

எனவே மூன்றாவது வழியாக, இறுதிவரை 'ஆர்' விகுதியையே கையாளுவது தகும். தன்னை அடித்தவரையும், தண்ணீர் மறுத்தவரையும் 'அடித்தார்', 'மறுத்தார்' என்று ஒருவன் சொல்லிக்கொண்டே போவது தமிழ்ச் செவிக்கு முதலில் உறுத்தும். அவ்வுறுத்தலே வேண்டப்படுவது. அடிமைப்பட்டவனின் இலக்கணத்தில் மரியாதை கடைசியாகத்தான் உதிர்கிறது என்பதைத் தமிழகத்துப் பண்ணையாட்களின் பேச்சைக் கேட்டவர்கள் அறிவர்.

எதிர்த்திசையிலும் இதுபோன்ற கேள்வி எழுகிறது. அர்பாப் நஜீபை நோக்கிப் பேசும் அரபியில் 'இன்த்த' என்னும் ஒரே முன்னிலை ஒருமைதான் அன்றாட வழக்கில் உள்ளது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. அதனை 'டேய்', 'வாடா' என்று தமிழில் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. திரைப்படத் துணைத்தலைப்புகளிலும் குரல்சேர்ப்பிலும் இதனைக் காணலாம். 'டா' விகுதியுடன் தமிழ்நாட்டுச் சாதிப்படிநிலை முழுவதும் கூடவே வந்து சேர்கிறது. பாலைவனத்தின் இழிவு வேறு வகையானது. அங்கே பெயர் இல்லை, விளி இல்லை, மொழியே இல்லை. நஜீப் ஆடுகளுக்குத் தன் ஊராரின் பெயர்களைச் சூட்டுகிறான். பிறக்கப்போகும் மகனுக்கு எண்ணிவைத்த பெயரை ஓர் ஆட்டுக்குட்டிக்கு வைக்கிறான். அவனைப் பெயர் சொல்லி அழைக்க அங்கு ஒருவருமில்லை. 'டா' போடுவதற்கும் ஓர் உறவு வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாது.

ரஃபீக்கும் 'மாஃபி'யும்

நகரத்துத் தொழிலாளியின் நிலை இதிலிருந்து வேறு. அவனுக்கு விளிச்சொல் உண்டு. 'ரஃபீக்', 'சதீக்' என்று வளைகுடாக் கடைத்தெருக்களில் தெற்காசியத் தொழிலாளர் அழைக்கப்படுகின்றனர். இரண்டுக்கும் அரபியில் தோழன், நண்பன் என்பது பொருள். அகராதியைப் பார்த்து 'நண்பரே' என்று எழுதும் மொழிபெயர்ப்பு பொருளைத் தந்துவிட்டுச் செய்தியை இழக்கும். ஏனெனில் இவ்விளி பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே செல்கிறது. பெயர் கேட்கத் தேவையில்லாதவன் என்பதே அதன் உட்பொருள். சொல்லின் அகராதிப்பொருள் உயர்ந்தும் வழக்குப்பொருள் தாழ்ந்தும் நிற்பது புதிதன்று. இந்தியில் 'பையா' என்பது அண்ணனைக் குறிக்கும். மும்பையில் வடமாநிலத் தொழிலாளியை இழித்துரைக்கவும் அதுவே பயன்படுகிறது. தமிழ்நாட்டுக் கட்டுமானத் தளங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் 'வடக்கன்' எனப்படுவதில் அந்த உறவுப்பூச்சும் இல்லை. 'ரஃபீக்' என்பதற்குத் தமிழ்நிகர் தேடும் மொழிபெயர்ப்பாளர், சென்னையில் உணவு பரிமாறும் அயல்மாநில இளைஞரைத் தாம் எப்படி அழைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் 'தம்பி' என்னும் சொல் கிடைக்கக்கூடும். அது பொருந்தாது என்று சொல்வதற்கில்லை.

வளைகுடாவில் தொழிலாளரும் உள்நாட்டாரும் தம்முள் பேசும் எளிமைப்பட்ட அரபியை மொழியியலார் 'வளைகுடாப் பிட்ஜின் அரபு' என்பர். 'ஃபீ' உண்டு என்பதற்கும், 'மாஃபி' இல்லை என்பதற்கும் பொதுவாக நிற்கின்றன; வினை பெரும்பாலும் ஒரே வடிவில் உறைந்து இடத்துக்கேற்ப மாறாது நிற்கிறது. இதுபற்றி ஜே. ஆர். ஸ்மார்ட் 1990இல் வெளியிட்ட முதல் அறிக்கை குறிப்பிடத்தக்கது. அதன் தரவுகளுள் அரபு நாளிதழ்களின் கேலிச்சித்திர வசனங்களும் நகைச்சுவை எழுத்துகளும் முக்கிய இடம்பெற்றன. அதாவது, தொழிலாளர் பேச்சு முதன்முதலாக மொழியியலுக்கு அறிமுகமானது அதனைப் பார்த்துச் சிரித்தவர்களின் எழுத்து வழியாகும். இதில் அறிஞரின் குறை ஏதுமில்லை. கிடைத்த சான்று அதுவே. எனினும் யாருடைய பேச்சு யாரால் எழுதப்பட்டது என்ற கேள்வி இத்துறையின் பிறப்பிலேயே இருக்கிறது என்பது நினைக்கத்தக்கது. மேலும், இக்கலப்புமொழியை உள்நாட்டாரும் தொழிலாளரிடம் பேசுவர். ஆதலால் பல ஆண்டுகள் அங்கு வாழ்ந்தும் முழுமையான அரபியைக் கேட்கும் வாய்ப்பு தொழிலாளிக்குக் குறைவு. அவன் அரபி கற்கவில்லை என்ற குற்றச்சாட்டு, அவனுக்கு அரபி பேசப்படவில்லை என்ற உண்மையை மறைத்துவிடுகிறது.

இப்பேச்சைத் தமிழில் தருகையில் பேரிடர் ஒன்று காத்திருக்கிறது. அயலார் பேசும் குறைத்தமிழுக்குத் தமிழ்த் திரைப்படமும் மேடையும் ஓர் அச்சை வார்த்து வைத்துள்ளன. வட்டிக்கடை 'சேட்டு' பேசும் 'நம்பள்', 'நிம்பள்' என்னும் மொழி அது. பிட்ஜின் அரபியை மொழிபெயர்ப்போர் கை தானாகவே அவ்வச்சை நாடும், வாசகர் சிரிப்பர். மூலத்தில் தன்மானம் காக்க இரு சொற்களை வைத்துப் போராடும் தொழிலாளி, தமிழில் நகைச்சுவைப் பாத்திரமாகிவிடுவான். இதனினும், சிதையாத குறுந்தொடர்களில் 'பணம் இல்லை. மூன்று மாதம். இல்லை.' என்பதுபோல் எழுதுவது நேர்மையானது. சொற்குறைவைக் காட்ட இலக்கணப் பிழை தேவையில்லை.

தமிழ் எழுத்து காட்டாத ஒலி

'டெம்பரரி பீப்பிள்' 28 பகுதிகளால் ஆனது, 'உறுப்புகள்', 'நாக்கு. சதை.', 'வீட்' என்னும் பொருள்படும் தலைப்புகளில் மூன்று பிரிவுகள். கடவுச்சீட்டை விழுங்கிய தொழிலாளி கடவுச்சீட்டாகவே மாறுவது, பெட்டியை விழுங்கியவன் பெட்டியாவது, கட்டடத்திலிருந்து விழுந்தவர்களை இரவில் ஒரு பெண் தேடித் தைத்து ஒட்டிச் சேர்ப்பது, விதையிட்டு மலையாளிகளைப் பயிரிடுவது, ஒரு சிறுவனின் வாயிலிருந்து நாக்கு ஓடிப்போய் அதன் சொற்கள் தெருவில் சிதறுவது என விந்தை நிகழ்ச்சிகளால் இந்நூல் நடக்கிறது. சில பகுதிகள் ஒரே வேடிக்கையை நீட்டி அலுப்பூட்டுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றாடப் பாகுபாட்டைச் சொல்வதில் இந்நூல் 'ஆடுஜீவித'த்தினும் நுட்பமானது. இங்கே கொடியவர் என்று ஒருவரும் தனித்து நிற்பதில்லை. வினைகளே இல்லாமல் தொழிற்பெயர்களை மட்டும் அடுக்கிச் செல்லும் ஒரு பகுதி, மனிதர்கள் தொழிற்பெயர்களாகவே எண்ணப்படும் நகரத்தின் பேச்சுமுறையை எவ்விதக் குற்றச்சாட்டுமின்றிக் காட்டிவிடுகிறது.

இந்நூலின் ஒவ்வொரு பகுதியும் 'சாப்டர்' என்பதன் பிழைவடிவத்தைத் தலைப்பாகக் கொண்டுள்ளது. ஆங்கிலச் சொல்லிலுள்ள ஒலிப்பிலா இதழொலியின் இடத்தில் ஒலிப்புடை இதழொலி எழுதப்பட்டிருக்கிறது. அரபியில் ஒலிப்பிலாப் பகரம் இல்லாமையால் அரபு பேசுவோர் ஆங்கிலத்தை உச்சரிக்கும் முறை இது. விவிலியத்தில் யோர்தான் துறையில் 'ஷிபோலேத்' என்று சொல்லத் தெரியாதவர் கொல்லப்பட்ட கதை மொழியியலார் அறிந்ததே. அங்கு உச்சரிப்புச் சோதனை வென்றவர் கையில் இருந்தது. இந்நூலில் அது தலைகீழாகிறது. நாள்தோறும் உச்சரிப்புக்காகவும் நிறத்துக்காகவும் அளக்கப்படுவோரின் பிள்ளை, அளப்பவரின் உச்சரிப்பைத் தன் நூலின் ஒவ்வொரு வாயிலிலும் எழுதிவைக்கிறான். அதில் கேலி உண்டு. அதே அளவுக்கு உரிமையும் உண்டு. ஏனெனில் அவன் வளர்ந்த ஊரின் ஆங்கிலம் அதுவே.

இத்தலைப்பைத் தமிழில் எழுத இயலாது. மலையாளத்தில் இரு பகரங்களுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழ் எழுத்தில் இரண்டும் 'ப்' ஒன்றே; 'சாப்டர்' என்று எழுதினால் சரியான வடிவமும் பிழைவடிவமும் ஒன்றாகிவிடும். தோத்திரப் புத்தகங்களில் வடமொழி ஒலிகளுக்கு மேலே 2, 3, 4 என எண் இடும் முறை ஒன்று உண்டு. நாவலின் தலைப்பில் அதைக் கையாண்டால் வாசகர் மந்திரம் என்றே மயங்குவர். 'அத்தியாயம்' என்று எழுதி அமைதி காண்பது எளிய வழி. ஆனால் நூலின் முதற்சொல்லிலேயே தோற்றுவிட்டதாக முடியும்.

வேறு ஒலியிணை ஒன்றைத் தேடலாம். எகிப்து முதலிய நாடுகளின் அரபுப் பேச்சில் ஆங்கிலச் சகரத் தடையொலி 'ஷ' ஆகக் கேட்கும். ஆகவே 'ஷாப்டர்' என்று எழுதினால் தமிழ்க்கண்ணுக்கு உடனே பிழை தெரியும். அரபுச் சாயலும் நிற்கும். இதற்கு ஒரு தடை உண்டு. வளைகுடா அரபியில் அந்தச் சகரம் உள்ளது. ஆகவே அபுதாபிக்காரர் ஒருவர் இப்பிழையைச் செய்யமாட்டார். பிற அரபு நாடுகளிலிருந்து வந்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் நிறைந்த ஊர் என்பதால், முற்றிலும் பொய்யாகாது என்று மட்டும் சொல்லலாம். குறைபாடுடைய இத்தீர்வு, குறையற்ற 'அத்தியாய'த்தினும் மேலானது.

நூற்பெயரைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. 'தற்காலிக மனிதர்கள்' என்பது பொருந்தும். 'தற்காலிகப் பணியாளர்' என்ற அரசாணைத் தமிழின் வாடை அதில் இருப்பது நன்மையே.

பிரவாசியும் சபராளியும்

மலையாளத்தில் 'பிரவாசி' என்பது வளைகுடா செல்வோர்க்கே உரிய சொல்லாக ஆகியுள்ளது. இந்திய அரசு 2003 முதல் ஜனவரி 9ஆம் நாளைப் 'பிரவாசி பாரதீய திவஸ்' எனக் கொண்டாடுகிறது. 1915இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நாள் அது. ஆனால் அதே அரசின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லத் தனி அனுமதி பெற வேண்டும். அவர்தம் கடவுச்சீட்டு 'ஈ.சி.ஆர்.' வகையைச் சார்ந்தது. (சென்னைவாசிகளுக்கு இவ்வெழுத்துகள் கடற்கரைச் சாலை ஒன்றையே நினைவூட்டும் என்பது வேறு செய்தி.) தொழிலாளரைக் காப்பதற்கென வந்த ஏற்பாடு அது. 2018 ஜனவரியில் இவ்வகையினர்க்கு ஆரஞ்சு நிற உறையுடன் கடவுச்சீட்டு வழங்கப்படும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தபோது, படிக்காதவரை நிறத்தால் பிரிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. அம்மாத இறுதியிலேயே அறிவிப்பு கைவிடப்பட்டது. விமானம் ஏறுவதற்கு முன்பே பாகுபாடு தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

தமிழில் 'புலம்பெயர்ந்தோர்' என்னும் சொல் 1983க்குப் பின் இலங்கைத் தமிழரின் இடப்பெயர்வோடு பிணைந்துவிட்டது. திரும்ப இயலாமை அதன் உட்கூறு. வளைகுடாத் தொழிலாளியின் நிலை நேர்மாறானது. அவன் திரும்பியே ஆக வேண்டும்; எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் தங்குவதற்கு உரிமை இல்லை. 'அயலகத் தமிழர்' என்பதில் அயலகம் வீடாகிவிட்ட தோற்றம் உள்ளது. இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் காணத் தவறிய சொல் ஒன்று தமிழகக் கடற்கரையிலேயே உள்ளது. நாகூர் முதலிய ஊர்களின் முசுலிம் மக்கள் பொருளீட்டக் கடல்கடந்து செல்வோரைச் 'சபராளி' என்பர். பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு தமிழ் 'ஆளி' விகுதி சேர்ந்து பிறந்த சொல் அது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோரைக் குறித்து, பின் வளைகுடா சென்றோர்க்கும் வந்தது. போவதும் வருவதும் அதில் உண்டு, குடியேறுவது இல்லை. 'பிரவாசி'க்கு இதைவிட நெருங்கிய நிகர் தமிழில் இல்லை.

'டெம்பரரி பீப்பிள்' நூலின் மூன்றாம் பிரிவின் தலைப்பு, மலையாளத்தில் வீட்டைக் குறிக்கும் சொல். ஆங்கிலப் பக்கத்தில் அது விளக்கமின்றி அயற்சொல்லாக நிற்கிறது. தமிழில் 'வீடு' என்று எழுதியவுடன் அவ்வயன்மை மறைந்து, தன் மொழிக்குத் திரும்பிவிட்ட சொல்லாகிறது. நாற்பொருளுள் இறுதியான பேறும் உடன்வந்து ஒட்டிக்கொள்ளும். தந்தையின் விசாவில் வளர்ந்து, வயது வந்ததும் அவ்விசா முடிந்து, தாய்மொழியையும் அரைகுறையாக அறிந்த பிள்ளையின் சொல் அது. ஆண்மக்களுக்கான இவ்வயது வரம்பு அமீரகத்தில் 2022இல்தான் 18லிருந்து 25ஆக உயர்த்தப்பட்டது. அப்பிள்ளை உரோமன் எழுத்தில் அச்சொல்லை எழுதும்போது இறுதிக் குற்றியலுகரத்தை விட்டுவிட்டான். ஆங்கிலம் வழியே தாய்மொழியைக் கேட்ட செவிக்கு அது எழுத்தாகத் தோன்றவில்லை. ஆகவே தமிழிலும் 'வீட்' என்றே அச்சிடுவது தகும். மெய்ப்புத் திருத்துவோர் அதனைப் பிழையென வட்டமிடுவர். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் அதை மீட்டு வைக்க நேரும்.